அள்ளினோம், நிறுத்தவில்லை

1991 பிப்ரவரி 19 அன்று ஒன்றிய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலோரத்தில் விடக் கூடாது, ஊர்க் குப்பையை அங்கே கொட்டக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஏற்கெனவே விட்டுக்கொண்டும் கொட்டிக்கொண்டும் இருந்த ஊர்கள் மூன்று ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குப்படி 1994-இலேயே சென்னையின் சாக்கடை கடலில் கலப்பது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. 2011-இல் அறிவிக்கையைத் திருத்தி எழுதியபோது கழிவுநீருக்கு இரண்டு ஆண்டு, குப்பைக்கு ஓர் ஆண்டு என்று மறுபடியும் கெடு வைத்தார்கள். 2013-இல் அதுவும் முடிந்துபோனது. நேப்பியர் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால், கூவம் எந்த நிறத்தில் கடலுக்குப் போகிறது என்பது இன்றைக்கும் தெரியும்.

ஆகவே இது சட்டம் இல்லாததால் நேர்ந்த கேடு அல்ல. கேட்க ஆளே இல்லாமல் போனதாலும் அல்ல. மீனவர் சங்கங்கள் கேட்டன. சூழல் ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். கேட்காமல் இருந்தவர்கள் நாம்தான். மாலையில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிற நாம், பத்திரிகை படிக்கிற நாம், தெருவில் தண்ணீர் லாரி ஒருநாள் வரவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டுக்குப் போய் நிற்கிற நாம். தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்திருக்கிறோம், மின்சாரம் போனால் செய்திருக்கிறோம். நம் தெருச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றுக்குப் போகிறதே என்று எந்தத் தெருவில் மறியல் செய்தோம்?

குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், ஃபிளஷை அழுத்தினால் கழிவு கண்ணுக்கு மறைய வேண்டும், காலையில் வண்டி வந்து குப்பையை எடுத்துப்போக வேண்டும். இந்த மூன்றும் நடந்துவிட்டால் ஊர் ஒழுங்காக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம். மறைந்த கழிவு எங்கே போனது என்பதை நாம் விசாரிக்கவே இல்லை. விசாரித்திருந்தால் வழி தெரியாமல் போயிருக்காது. அது அப்படியொன்றும் நீளமான வழியும் அல்ல.

பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கப் பணமும் வேண்டும், அலைச்சலும் உண்டு. வாசலிலேயே மழைநீர் வடிகால் போகிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குழாயை அதில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. சென்னையில் எத்தனையோ வீடுகளும் கடைகளும் இப்படித்தான் செய்தன. மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகிறது, அங்கிருந்து கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் ஓட வேண்டிய வடிகால் சித்திரை வெயிலிலும் ஓடுவதைப் பார்த்தோம். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பக்கத்து வீட்டுக் குழாயும் வெளியே வரும், நம் குழாயும் வெளியே வரும்.

பழைய மாமல்லபுரம் சாலையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் முதலில் வந்தன. பாதாளச் சாக்கடை பிறகு வந்தது, பல இடங்களில் இன்னும் வரவில்லை. அதனால் கழிவுநீர் லாரி. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் லாரிக்கும் சேர்த்துப் பணம் கட்டினோம். அந்த லாரி நிறைந்த வயிற்றோடு கேட்டைத் தாண்டியதும் எந்தக் கால்வாயோரம் போய்க் குழாயைத் திறந்தது என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நாம் கேட்டதில்லை. ஒரு நடைக்கு எவ்வளவு என்பதைத்தான் கேட்டோம். குறைத்துச் சொன்னவருக்கே ஒப்பந்தத்தைக் கொடுத்தோம்.

குப்பைக்கும் ஒரு வழி உண்டு. தென்சென்னையின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் மேலேயே கொட்டினோம். குப்பையில் ஊறிய நீர் சதுப்பில் இறங்கியது. சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடும். 2022-இல் அதே பள்ளிக்கரணைக்கு ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தபோது பெருமைப்பட்டோம். அதன் தலைமாட்டில் நாமே அடுக்கிய மலையைப் பெருமையோடு சேர்த்துப் பேச மறந்துவிட்டோம்.

பக்கிங்காம் கால்வாயை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78 காலத்தில், பசித்த மக்கள் கூலிக்கு மண் வெட்டி நீட்டித்த நீர்வழி அது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் போய்வந்தன. அதை முதலில் சாக்கடையாக்கினோம். பிறகு, சாக்கடைதானே என்று அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். ஒரு நீர்நிலையை நாசமாக்கிவிட்டு, நாசமாகிவிட்டதையே காரணம் காட்டி அதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. கால்வாயிலும் அதைச் செய்தோம், ஏரிகளிலும் செய்தோம். கடலை எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் அதை நாசம் செய்வதோடு நின்றுகொண்டோம்.

2019 டிசம்பரில் மெரினா கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்கியது. பிள்ளைகளை அதில் விளையாட விட்டுப் படம் எடுத்தோம். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படங்கள் வந்தன. நுரை வானத்திலிருந்து விழுந்ததல்ல. நாம் துணி துவைத்த, பாத்திரம் தேய்த்த சோப்பு நீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்து, மழை வெள்ளத்தோடு கடலுக்குப் போய், அலையில் அடிபட்டு நுரைத்தது. சாக்கடை நீரில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்தே தின்றுவிடும். மூச்சுவிட வழியில்லாமல் மீன் செத்து மிதக்கும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வந்து ஆற்றைக் கழுவவும் வழி இருக்காது. மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர வேண்டிய இடம் அது. அங்கே நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தோம்.

தென்சென்னையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எண்ணூரைப் பற்றிப் பேசாமல் போனால் இந்தச் சுயவிமர்சனம் பொய். நம்மில் பலர் எண்ணூருக்குப் போனதே இல்லை. ஆனால் நம் வீட்டு ஏசி ஓடும் மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு போகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. இறால் பிடித்த இடங்கள் மேடாயின. காட்டுக்குப்பத்து மீனவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். மின்வெட்டு வந்தபோது மட்டும் அந்த மின் நிலையத்தின் பெயர் நம் வாயில் வந்தது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு கரை முழுக்கக் கறுப்புக் குழம்பு. மாணவர்களும் தொழிலாளர்களும் பாறைகளில் இறங்கிப் பக்கெட்டில் அள்ளிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாட்டில் எண்ணெயை அள்ளப் பக்கெட்டா என்று கேலி செய்தோம். கேலியோடு முடித்துக்கொண்டோம். அடுத்த முறைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத் தொடர்ந்திருந்தால், 2023 டிசம்பரில் அதே காட்சியை மறுபடி பார்க்க நேர்ந்திருக்குமா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய், படகுகளில் எண்ணெய், வலைகளில் எண்ணெய். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. இந்த முறையும் மீனவர்கள்தான் படகில் போய்ப் பக்கெட்டில் அள்ளினார்கள். ஏழு ஆண்டு இடைவெளியில் மாறாமல் இருந்தது அந்தப் பக்கெட்.

இதற்கிடையில், 2021-இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் உலாப் போகிறவர்களின் கரைக்குக் கொடி, மீன் பிடிக்கிறவர்களின் கரைக்குச் சாம்பல் என்ற பாகுபாடு நம்மை உறுத்தவில்லை. கடல் ஒன்றுதான். கரையை மட்டும் நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

இவ்வளவையும் எடுத்து வைத்தால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: கப்பல்காரர்கள் கொட்டுகிறார்களே? உண்மைதான், கொட்டியிருக்கிறார்கள். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது டன் கணக்கான பிளாஸ்டிக் குருணைகள் இலங்கைக் கரைகளில் குவிந்தன. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்தன. கோபப்பட்டோம். அந்தக் கோபம் நியாயமே. ஆனால் கப்பலுக்கு உலகம் கொஞ்சமாவது கடிவாளம் போட்டிருக்கிறது. கழிவைக் கப்பலில் ஏற்றிப்போய்க் கடலில் கொட்டுவதைக் கட்டுப்படுத்த 1972-இல் லண்டன் உடன்படிக்கை வந்தது. எதையெல்லாம் கொட்டக் கூடாது என்று அது பட்டியல் போட்டது. 1996-இன் லண்டன் நெறிமுறை அந்தப் பட்டியலைத் தலைகீழாக்கியது: எதையுமே கொட்டக் கூடாது, விலக்காகச் சிலவற்றை மட்டும் அனுமதி பெற்றுக் கொட்டலாம். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவதை மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 கடைசியிலிருந்தே தடை செய்கிறது.

கரைக்கு அப்படி ஓர் உலகச் சட்டம் இன்னும் வரவில்லை. 2010-ஆம் ஆண்டில் மட்டும் 192 கடலோர நாடுகளின் நிலப்பகுதியிலிருந்து 48 லட்சம் டன் முதல் 1.27 கோடி டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கலாம் என்று ஜென்னா ஜாம்பெக்கும் அவருடைய குழுவினரும் 2015-இல் கணக்கிட்டார்கள். பிளாஸ்டிக் மாசுக்கு எதிராக ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று 2022-இல் நைரோபியில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிப் பேசியும் உடன்பாடு எட்டாமல் கலைந்தன. நாடுகள் பேசி முடிக்கும்வரை கப்பலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது நமக்கு வசதியாக இருந்தது.

பக்தியைக்கூட விட்டுவைக்கவில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரைக் கரைக்கக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டி எழுதியது. பட்டினப்பாக்கத்தில் கிரேன் வைத்துப் பிள்ளையாரை இறக்கினோம். மறுநாள் கையும் காலுமாக அவர் கரை ஒதுங்கியதைப் பார்க்க நாம் போகவில்லை. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் பாவத்தைக் கழித்துவிட்டு, உடுத்திய துணியையும் அங்கேயே விட்டு வந்தோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். நமக்கு உப்பிட்டதே கடல்தான். அந்த உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் கலந்திருப்பதை 2018-இல் ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாம் அனுப்பியது நம் சோற்றுக்கே திரும்பி வந்துவிட்டது.

ஒன்றுமே செய்யாமல் இருந்தோம் என்று சொன்னால் அதுவும் சரியாகாது. செய்தோம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். பனியன் அச்சடித்து, தொப்பி வாங்கி, கையுறை மாட்டி, பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அள்ளினோம். பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். அள்ளுவது தப்பில்லை. அள்ளியதோடு கடமை முடிந்தது என்று எண்ணியதுதான் தப்பு. ஒழுகும் கூரையில் ஓடு மாற்றாமல், கீழே பாத்திரம் வைத்து வைத்து எடுத்த கதை இது. பாத்திரம் வைப்பவரைப் பாராட்டினோம், ஓடு மாற்றச் சொன்னவரைத் தொல்லை என்றோம். தினமும் மெரினாவில் நாம் போட்ட தட்டையும் டம்ளரையும் விடியற்காலையில் பொறுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு இந்த நாளில்கூட மேடையில் இடமில்லை. 2025 ஆகஸ்டில் அவர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்தபோது, பனியன் போட்ட நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போனோம்?

தடை என்று வந்தபோதும் அப்படியே. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு தடை போட்டது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை வந்தது. மஞ்சப்பையைக் கல்யாணத்தில் தாம்பூலப் பையாக வாங்கி வந்து அலமாரியில் மடித்து வைத்தோம். காய்கறிக் கடையில் நின்றுகொண்டு, “அண்ணே, ஒரு கவர் குடுங்க” என்றோம். இல்லை என்று சொன்ன கடைக்காரரை விட்டு, கொடுத்த கடைக்குப் போனோம். தடை தோற்றது என்று எழுதுகிறோமே, அதைத் தோற்கடித்தவர்களில் நாமும் உண்டு.

நிறுத்தவே முடியாது என்று கைவிரிப்பவர்களுக்குச் சொல்ல நான்கு உதாரணங்கள் இருக்கின்றன. எல்லாமே பக்கத்தில் நடந்தவை.

நீலகிரியில் மதுப் பாட்டில் சில்லுகள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கியது. காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணமும் திரும்பி வரும். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. உபதேசத்தால் நடக்காதது பத்து ரூபாயால் நடந்தது. பிறகு அந்தத் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. கடற்கரை மணலில் கண்ணாடி குத்திய கால்களுக்கு அது எவ்வளவு முன்னதாக வந்திருக்க வேண்டும்!

கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கிறார்கள். ஆற்றில் போய்க் கடலைக் கெடுத்திருக்கும் நீர், மணலியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இயந்திரங்களைக் குளிர்விக்கிறது. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீரும் மிச்சம்.

கேரளத்தின் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் சுசித்துவ சாகரம் என்ற திட்டம் தொடங்கியது. வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மறுபடி கடலில் எறியாமல் மீனவர்கள் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் பெண்கள் அதைக் கழுவித் தரம் பிரித்தார்கள். துருவி எடுத்த தூள் தார்ச்சாலைக்குப் போனது. தாரோடு பிளாஸ்டிக்கைக் கலந்து சாலை போடும் முறையை உருவாக்கிய பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிக்காரர். வழிமுறை நம் ஊரில் பிறந்தது, கடலுக்காக அதை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியது பக்கத்து ஊர். காசிமேட்டில் கிழிந்த வலைகளை விலைக்கு வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் ஏற்பாட்டை நம் அரசு 2024-இல்தான் தொடங்கியது.

இந்த நான்கிலும் பொதுவான ஒன்று உண்டு. கழிவுக்கு ஒரு விலை இருந்தது, அதைத் திருப்பிக் கொண்டுவர ஓர் இடம் இருந்தது, பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். மக்கள் மனம் மாற வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. நாம்தான் மனமாற்றத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றிக் காலம் கடத்தினோம். ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவது சண்டை பிடிக்கிற வேலை. சொற்பொழிவு கேட்பது சுலபம்.

ஆகவே இனிச் செய்ய வேண்டியது என்ன என்று நமக்குத் தெரியும். நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எதில் இணைந்திருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். மழைநீர் வடிகாலில் இருந்தால், அபராதம் வருவதற்கு முன்னால் மாற்றுங்கள். குடியிருப்புக்கு லாரி வருகிறதென்றால், அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியது என்ற ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத நடைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் விதி 2016-இலிருந்து இருக்கிறது. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கலந்தால் சண்டை போடுங்கள். அந்தச் சண்டையை வண்டித் தொழிலாளியிடம் போடாமல், மண்டல அலுவலகத்தில் போடுங்கள். வார்டு வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, இந்தத் தெருவின் சாக்கடை எங்கே போகிறது என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். எண்ணூரில் எண்ணெய் அள்ளப் பக்கெட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று, அடுத்த புயலுக்கு முன்னால் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

1994-இல் முடிய வேண்டிய வேலை இது. கெடுவைத் தவறவிட்டது அரசு. தவறவிட்டதைத் தட்டிக் கேட்காமல் இத்தனை ஆண்டும் பொறுத்துக்கொண்டது நாம். மூன்றாவது முறையாக ஒரு கெடுவை யாரும் நமக்கு எழுதித் தரப் போவதில்லை. அதை நாமே எழுதி, நாமே கேட்டு வாங்க வேண்டும்.